தம்பியை வெளிநாடு அனுப்ப என் பெயரில் லோன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பகுதியில் நாலு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் ஒரு இலட்சம். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாக வீட்டில்தான். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். தம்பிக்கு 22 வயது. ஏ.எல். முடித்தபின் நிலையான வேலை அமையவில்லை. இப்போது நண்பனின் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி ஓடுகிறான். சொந்தக்காரர் ஒருவர் மூலம் வந்த ஏஜென்ட், ருமேனியாவில் ஃபேக்டரி வேலை, மாதம் இரண்டரை இலட்சம் சம்பளம் என்று சொல்லி 18 இலட்சம் கேட்கிறார். 15 ஆம் திகதிக்குள் 5 இலட்சம் முற்பணம் கட்ட வேண்டுமாம். அம்மா தன் தாலிக்கொடியையும் எனக்கென்று எடுத்து வைத்த காப்புகளையும் ஈடு வைத்து 8 இலட்சம் எடுக்கலாம் என்கிறார். மீதி 10 இலட்சத்துக்கு நான் லோன் எடுக்க வேண்டும். வங்கியில் கேட்டேன், கிடைக்கும் என்றார்கள். வீட்டுச் செலவு போக என் கையில் மாதம் 15,000 மிஞ்சினால் பெரிய விஷயம். சேமிப்பில் 2,60,000 இருக்கிறது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க முடியுமா? மாட்டேன் என்றால் தம்பியின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, கொழும்பு 13

பதில்: தங்கச்சி, லோன் எடுக்க வேண்டாம். 15 ஆம் திகதிக்குள் அந்த ஏஜென்ட் கையில் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இதைச் சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் முதல் வரியிலேயே எழுதுகிறேன். தம்பி வெளிநாடு போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் காசில், இந்த அவசரத்தில், இந்த ஆளை நம்பிப் போகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கணக்கை முதலில் பார்ப்போம். அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

10 இலட்சம் லோன், ஐந்து வருடம், வட்டி 14 வீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 23,270 ரூபா. ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 13,96,000. நகை ஈட்டுக்கு இலட்சத்துக்கு மாதம் ஆயிரம் வட்டி என்றால், 8 இலட்சத்துக்கு மாதம் 8,000. அந்த 8,000 வெறும் வட்டி மட்டும்தான், வாங்கிய தொகையில் ஒரு ரூபாகூடக் குறையாது. இரண்டையும் சேர்த்தால் மாதம் 31,270. உங்கள் கையில் மிஞ்சுவதோ 15,000. முதல் மாதமே 16,000 ரூபா துண்டு விழுகிறது. அப்பாவின் மருந்திலா, வீட்டு வாடகையிலா, எதில் அதைக் குறைப்பீர்கள்?

தம்பி போய்ச் சேர்ந்ததும் அனுப்பிவிடுவான் என்று அம்மா சொல்லுவார். அதையும் பார்த்துவிடுவோம். இரண்டரை இலட்சம் சம்பளம் உண்மையென்றே எடுப்போம். தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, குளிர் உடுப்பு எல்லாம் போக, முதல் வருடத்தில் மாதம் 80,000 அனுப்பினால் அவன் கெட்டிக்காரப் பிள்ளை. 18 இலட்சத்தை 80,000 ஆல் பிரியுங்கள். வட்டி சேர்க்காமலே இருபத்திரண்டு மாதத்துக்கு மேல் போகிறது. அப்படியென்றால் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? பன்னிரண்டு மாதத்துக்குத்தான் என்றால், வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் கடனில் பாதி அடைபடும் முன்பே வேலை முடிந்துவிடும். இந்தக் கேள்வியை ஏஜென்டிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் ஒப்பந்தம் என்ற சொல்லே இல்லை. தொழிற்சாலையின் பெயர் இல்லை, என்ன வேலை என்பதும் இல்லை. தெளிவாக இருப்பவை இரண்டு மட்டும்: 5 இலட்சம், 15 ஆம் திகதி.

இனி அந்த ஏஜென்ட் விஷயம். இலங்கையில் ஒருவரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தொழில் 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரும் இந்தத் தொழில் செய்ய முடியாது. அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சி என்றாலும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்க வேண்டும். அந்த அனுமதியைப் பார்க்காமல் காசையும் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள் என்று பணியகம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. இதை உறுதிசெய்ய ஒரு செலவும் இல்லை. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள். நேரே போவதென்றால் தலைமையகம் பத்தரமுல்லை, கொஸ்வத்தையில் இருக்கிறது. தம்பியையே அனுப்புங்கள். போகப்போவது அவன், விசாரிக்க வேண்டியவனும் அவன்தான்.

அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டவுடன், 'நம்பிக்கை இல்லையா அக்கா, நாங்கள் உங்கள் சொந்தக்காரர் மூலம் வந்தவர்கள்தானே' என்று பேச்சு திரும்பினால் அதோடு எழும்பி வந்துவிடுங்கள். சொந்தக்காரரில் பிழை இருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் காசு போனால் அவர் அதைத் திருப்பித் தரமாட்டார், தரவும் அவரால் முடியாது.

'முதலில் விசிட் விசாவில் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அது வேலைப் பயணமே இல்லை. பணியகத்தில் பதியாமல் போகிறவருக்குப் பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லை, பிரச்சினை வந்தால் பிடித்துக்கேட்க ஒரு ஒப்பந்தமும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைபட்டதையும், 2024 இல் சிலர் மீட்கப்பட்டு வந்ததையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அவர்களும் கம்ப்யூட்டர் தெரிந்த, ஆங்கிலம் பேசத் தெரிந்த பிள்ளைகள்தான். ஏமாறியது அறிவில்லாமல் இல்லை. வீட்டில் எல்லாரும் அவசரப்பட்டதால்தான்.

அம்மாவின் அவசரம் எனக்குப் புரிகிறது. உங்கள் தம்பி ஏ.எல். படித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற ஒரு தாய்க்கு, பிள்ளை இந்த நாட்டில் இருந்தால் உருப்படமாட்டான் என்ற எண்ணம் வந்தது பிழையில்லை. அந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் 15 ஆம் திகதி என்று நாள் குறிக்கிறார்கள்.

லோன் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இது என் சொந்த அனுபவம். முப்பது வயதில், கூட வேலை செய்த ஒரு நண்பனின் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டேன். அவன் வெளிநாடு போனான். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினான், பிறகு நின்றுவிட்டது. மூன்று வருடம் என் சம்பளத்திலிருந்து அந்தத் தவணையைக் கட்டினேன். காசு போனதைவிட, என் மகள் பிறந்த வருடத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைப் பார்த்து வங்கி மறுத்ததுதான் இன்றுவரை நெஞ்சில் இருக்கிறது. கிரிப் என்று எல்லாரும் சொல்லுவது அந்த அறிக்கையைத்தான். நீங்கள் எடுக்கும் லோனில் நீங்கள் பிணைகூட இல்லை, கடன்காரியே நீங்கள்தான். தம்பி அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் வங்கிக்குத் தெரிந்த பெயர் உங்களுடையது மட்டும். நாளை உங்கள் கல்யாணத்துக்கோ, ஒரு துண்டுக் காணிக்கோ கடன் தேவைப்படும்போது முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். கூட, உங்கள் பே ஸ்லிப்பைக் காட்டி இரண்டு பேர் பிணை கேட்டால், அது உங்கள் அலுவலக நண்பர்களின் சம்பளத்தையும் இதற்குள் இழுக்கும்.

ஈபிஎஃப் கேட்டீர்கள். வேலையில் இருந்துகொண்டே வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் எடுக்கும் வசதி உண்டு. ஆனால் பத்து வருடப் பங்களிப்பும் 3 இலட்சத்துக்குக் குறையாத மீதியும் வேண்டும். உங்களுக்கு நாலு வருடம்தான், அதோடு வெளிநாட்டுப் பயணம் அதற்குரிய காரணமும் இல்லை. அதைத் தொட முடியாமல் இருப்பதே நல்லது. உங்கள் 8,000 உம் கம்பனியின் 12,000 உம் சேர்ந்து மாதாமாதம் 20,000 அங்கே சேர்கிறது. வீட்டில் எல்லாருடைய தேவையையும் சுமக்கிற உங்களுக்கென்று சேரும் ஒரே காசு அது.

நகை விஷயத்தில் நீங்கள் எழுதாமல் விட்டதை நான் கேட்கிறேன். அந்தக் காப்புகள் உங்களுக்கென்று எடுத்து வைத்தவை. அவற்றை ஈடு வைப்பதென்றால் உங்கள் சம்மதம் வேண்டாமா? போன வருடம் வெள்ளவத்தையில் என்னைச் சந்திக்க வந்த ஓர் அம்மா, ஈட்டுச் சீட்டை நாலாக மடித்துப் பால்மா பெட்டியின் உள்ளுறையில் சுற்றி வைத்திருந்தார். திறந்தபோது மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துபோயிருந்தது. மகன் அனுப்புவான், அனுப்புவான் என்று இரண்டு தரம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்திருக்கிறார். மூன்றாம் தரம் முடியவில்லை. ஏல அறிவித்தல் பதிவுத் தபாலில் வந்தபிறகுதான் என்னிடம் வந்தார். செட்டியார் தெரு நகைக் கடைகளில் அதே நிறைக்கு இன்று என்ன விலை சொல்லுகிறார்கள் என்று அம்மாவை ஒரு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஏலத்தில் போன கொடியை உங்கள் சம்பளத்தில் திரும்ப வாங்க முடியாது.

சரி, தம்பிக்கு என்ன செய்யலாம்? வெறும் ஏ.எல். சான்றிதழோடு போகிறவன் எந்த நாட்டிலும் அடிமட்டச் சம்பளத்தில்தான் தொடங்குவான். வெல்டிங், மின்னிணைப்பு, குளிரூட்டி திருத்தம், சமையல் என்று ஏதாவது ஒன்றில் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ, நாலாம் மட்டம் வரை முடித்தால், கையில் ஒரு தொழிலும் அதற்கு ஒரு தாளும் இருக்கும். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் இதற்கு இலட்சக்கணக்கில் செலவாகாது. காலையில் பயிற்சி, மாலையில் டெலிவரி என்று ஒரு வருடம் ஓடட்டும். அவனுக்கு என்னதான் விருப்பம் என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அம்மாவின் ஆசை இருக்கிறது, ஏஜென்டின் வாக்கு இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. தம்பி சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

உங்கள் பங்காக மாதம் 7,000 அவனுக்கென்று ஒதுக்குங்கள். ஒரு வருடத்தில் 84,000. பயிற்சிச் செலவு, பஸ் காசு, பாஸ்போர்ட், மருத்துவச் சோதனை எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும். அது கடன் இல்லை, அக்கா தருவது. திருப்பித் தா என்று கேட்கவும் வேண்டாம், அதற்கு மேல் கொடுக்கவும் வேண்டாம். மிஞ்சும் 8,000 உங்கள் கையிருப்போடு சேரட்டும்.

அந்த 2,60,000 ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள். அப்பாவுக்கு இன்னொரு தரம் ஏதாவது வந்தால் அந்த இரவில் உதவுவது அதுதான். ஒரு இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டு, மற்றதை அனுமதி பெற்ற வங்கியில் மூன்று மாத நிலையான வைப்பில் போடுங்கள். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை உண்டு, ஆகவே பயமில்லை. வட்டியில் 10 வீத வரி கழிப்பார்கள். உங்கள் மொத்த வருமானம் வருடம் 18 இலட்சத்துக்குள் இருப்பதால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுத்தால் அந்தக் கழிவு வராது.

அம்மாவோடு பேசும்போது 'மாட்டேன்' என்று தொடங்காதீர்கள். விடிய இடியப்ப வேலை முடிந்து அவர் தேத்தண்ணியோடு உட்காரும் நேரம் பாருங்கள். தம்பியையும் கூப்பிட்டு, ஒரு கொப்பித் தாளில் 23,270, 8,000, 15,000 என்ற மூன்று இலக்கங்களையும் எழுதி நடுவில் வையுங்கள். 'துண்டு விழுகிற 16,000 ஐ எங்கே இருந்து எடுப்போம் அம்மா?' என்று கேளுங்கள். பதிலை அவரே தேடட்டும். பிறகு 1989 க்கு தம்பியின் போனிலிருந்தே, ஸ்பீக்கரில் போட்டு அழையுங்கள். பணியகத்துக்காரர் சொல்லுவதை அம்மாவும் தன் காதால் கேட்கட்டும்.

அனுமதிப்பத்திரமும் சரி, அந்த வேலைக்கான அனுமதியும் சரி, ஒப்பந்தமும் கையில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஒப்பந்தத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.