பெரியம்மா பட்டியலில் இல்லை

வணக்கம் ஐயா,

நான் திருநெல்வேலிக்காரன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பைன்டவுனில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 22 பேர், பெரும்பாலும் ஸூலுக்காரர்கள். போன மாதம் கம்பெனியில் ‘உபுண்டு வாரம்’ கொண்டாடினோம். உபுண்டு என்றால் இங்கே மனிதத்தன்மை. டி-ஷர்ட், போஸ்டர், ஒரு நாள் பயிற்சி வகுப்பு எல்லாம் நடந்தது. அடுத்த வாரமே என் ஆள் ஒருவர் வெள்ளிக்கிழமை லீவு கேட்டார். நொங்கோமாவில் அவருடைய அம்மாவின் அக்கா இறந்துவிட்டார். ‘ஆன்ட்டி பட்டியலில் இல்லை’ என்று எச்.ஆரில் மறுத்துவிட்டார்கள். அவர் சொல்லாமல் போய்விட்டார். இப்போது வார்னிங் லெட்டரில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் அவருக்குக் கிடைக்காது. மேனேஜரிடம் பேசிப் பார்த்தேன். ‘செண்டிமெண்ட் வேறு, நிர்வாகம் வேறு’ என்கிறார். நிர்வாகத்தில் மனிதத்தன்மைக்கு நிஜமாகவே இடம் உண்டா, இல்லை டி-ஷர்ட்டோடு சரியா?

கே., பைன்டவுன்

அன்புள்ள கே.,

டி-ஷர்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. துணி நன்றாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதில் அச்சடித்திருக்கும் சொல் இந்த நாட்டில் என்னென்ன செய்திருக்கிறது என்று உங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்களா தெரியவில்லை. 1993இன் இடைக்கால அரசியல் சட்டம் தன் முடிவுரையில் பழிவாங்குதல் வேண்டாம், உபுண்டு வேண்டும் என்றது. 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது நீதிபதிகள் இந்தச் சொல்லை வைத்து வாதித்தார்கள். தூக்குக் கயிற்றையே அறுத்த சொல். உங்கள் கிடங்கில் அதைக் காட்டி ஒரு வெள்ளிக்கிழமை லீவு வாங்க முடியவில்லை.

எச்.ஆர். சொன்னது பொய் இல்லை. 1997ஆம் ஆண்டு வேலை நிபந்தனைகள் சட்டம் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு 3 நாள் தருகிறது. யார் இறந்தால் என்று பட்டியலும் உண்டு: கணவன் அல்லது மனைவி, வாழ்க்கைத் துணை, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். அத்தை இல்லை, மாமா இல்லை, மாமியார்கூட இல்லை. ஆனால் அது குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒரு நாள் கொடுத்தால் யாரும் கம்பெனியை ஜெயிலில் போடப் போவதில்லை.

அந்தப் பட்டியலைப் போட்டவர் மனதில் இருந்த குடும்பம் உங்கள் வீடும் இல்லை, அந்த ஊழியர் வீடும் இல்லை. அம்மாவின் அக்காவை ஸூலுவில் மாம்குலு என்பார்கள். ‘குலு’ என்றால் பெரிய. பெரிய அம்மா, அதாவது பெரியம்மா. அம்மாவின் தங்கைக்கும் சின்னம்மா என்று அர்த்தம் வரும் ஒரு சொல் உண்டு. நடுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலி வருவதால் தமிழில் எழுத வரவில்லை, என் வாயிலும் நுழைவதில்லை. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் பேச மறந்துபோன வீடுகளில்கூட பெரியம்மா பெரியம்மாதான், ஆன்ட்டி ஆகவில்லை. உங்கள் கம்பெனியில் அந்த மனிதர் கேட்டதை யாராவது முழுதாகப் புரிந்துகொண்டிருக்க முடியும் என்றால், அது திருநெல்வேலிக்காரரான நீங்கள்தான்.

இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் ஆள் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். தையல் பகுதிப் பெண் ஒருவர் இதே லீவு கேட்டு வந்தார். நான் பட்டியலை எடுத்து அவர் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினேன். என்னவோ நியாயமாக நடந்துகொள்வதாக நினைப்பு. அவர் போய்விட்டு வந்தார், நான் வார்னிங் லெட்டர் கொடுத்தேன், அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம் கழித்து ஊரில் என் பெரியப்பா இறந்தபோது நான் பத்து நாள் போனேன். அது யார், எந்த வரியில் இருக்கிறார் என்று என்னை யாரும் கேட்கவில்லை. மாதச் சம்பளக்காரனின் துக்கத்துக்குப் பட்டியல் கிடையாது.

உங்கள் நாற்காலிக்கு இந்த ஊரில் ஒரு பழைய பெயர் உண்டு, சர்தார். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். எஸ்டேட்டை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். சொல்லாமல் போனால் அது சிறைக்குரிய குற்றம். வெள்ளை முதலாளிக்கும் கரும்பு வெட்டுகிறவனுக்கும் நடுவில் நின்ற நம்ம ஆள்தான் சர்தார். அவர்களில் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். வேண்டியவனுக்கு லேசான வேலை, வேண்டாதவனுக்குக் கடினமான வரிசை என்று தயவு காட்டவும் சிலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பயமே அந்தத் தயவைப் பார்த்துத்தான். ‘நான் நல்லவன், என்னிடம் கேட்டால் விட்டுவிடுவேன்’ என்று நீங்கள் ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் ஒரு குட்டி ஜமீன் ஆகிவிடுவீர்கள். உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனுக்கு லீவு கிடைக்கும். பேசத் தயங்குகிறவனுக்குக் கிடைக்காது.

1894இல் பாலசுந்தரம் என்ற தமிழர், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு டர்பனில் காந்தியிடம் வந்தார். அடித்தவர் அவருடைய முதலாளி. தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரிடம், அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னதாகக் காந்தி எழுதியிருக்கிறார். அதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அடுத்தது முக்கியம். காந்தி முதலாளியிடம் இரக்கம் கேட்டு நிற்கவில்லை, தண்டனை வாங்கிக் கொடுக்கவும் மெனக்கெடவில்லை. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றி, அந்த ஆளை அங்கிருந்து விடுவித்தார். முதலாளியின் மனம் மாறும்வரை பாலசுந்தரம் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று.

சரி, அப்புறம் உங்கள் விஷயம். மேனேஜரிடம் மனிதத்தன்மை பற்றிப் பேசாதீர்கள், அவருக்கு அதற்கு ஒரு போஸ்டர் இருக்கிறது. இரண்டே இரண்டு கேளுங்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர் தன் இரவை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம், எச்.ஆருக்குப் போகாமல் சூப்பர்வைசரே எழுதிக்கொள்ளலாம் என்று விதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 22 பேருக்கும் அது ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கே அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை, முந்தைய இரவு முழுக்க விழித்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே தேவைப்படுவது எப்போதும் அந்த வெள்ளி இரவுதான். திட்டமிட முடியாத ஒன்றல்ல.

அடுத்தது போனஸ். சம்பளமில்லாத ஒரு நாளுக்காக மாத போனஸையும் எடுப்பது ஒரே தவறுக்கு இரண்டு வெட்டு. மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். அதற்கு ‘டபுள் கட்’ என்றே பெயர். இதை மேனேஜரிடம் சொல்ல வேண்டாம், கோபப்படுவார். கணக்கை மட்டும் காட்டுங்கள்.

ஏமாற்றுவார்களா? ஏமாற்றுவார்கள். என்னிடம் ஒருவருக்கு ஒரே பாட்டி மூன்று முறை இறந்தார். மூன்றாவது முறை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவராலும்தான். அவருக்காக விதியை இறுக்கி மற்ற எல்லோரையும் மரணச் சான்றிதழோடு வரிசையில் நிறுத்த வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வார்னிங் லெட்டரை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாவிட்டால், அதே தாளில் அவர் தரப்பையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உறவுமுறை என்ற இடத்தில் ஆன்ட்டி என்று எழுதாதீர்கள். மாம்குலு என்று எழுதுங்கள். எச்.ஆரில் அர்த்தம் கேட்டால், பெரிய அம்மா என்று சொல்லுங்கள்.