முகக்கவசம் அணிந்த பிள்ளை

கேள்வி: 17 வயதாகும் என் மகன், நண்பனின் காரில் போகும்போது, தெருவோரம் நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை, சாயம் நிரப்பிய உருண்டைகளைச் சுடும் பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். அவர் முதுகில் சாயமும் ஒரு தடிப்பும்தான். போலீஸார் துப்பாக்கியைப் பறிமுதல் செய்து வழக்குப் பதிந்திருக்கிறார்கள். முகக்கவசம் மாட்டாமல் அதைத் தொடவே மாட்டான். அவ்வளவு கவனமான பிள்ளை. விளையாட்டுச் சாமானுக்கு வழக்கா?

பதில்: அம்மா, மகனின் கவனத்துக்குச் சான்றாக நீங்கள் காட்டும் அந்த முகக்கவசம்தான் அவனுக்கு எதிரான சாட்சி. அந்த உருண்டை கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பது தெரிந்ததால்தான் அவன் அதை மாட்டிக்கொண்டான். தெரிந்துகொண்டே, கவசம் எதுவும் அணியாத ஒருவரை ஓடும் காரிலிருந்து குறிபார்த்தான். அந்தப் பெரியவர் சத்தம் கேட்டுத் திரும்பியிருந்தால்?

சுமார் 3 கிராம் எடையும் 17 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட அந்த உருண்டை, நொடிக்கு 90 மீட்டர் வரையான வேகத்தில் பாய்கிறது. கண்குழிக்குள் நேராகப் புகும் அளவு அது. அதனால்தான் ஆடுகளத்தில் ஒருவர்கூடக் கவசத்தைக் கழற்றக் கூடாது, களத்தை விட்டு வெளியே வந்ததும் குழலுக்கு உறை மாட்ட வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் இந்தத் துப்பாக்கியை 18 வயது நிறைந்தவர்களே வைத்திருக்கலாம். பிரிட்டனில், நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் ஒன்றைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு செல்வதையே 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எதிரில் நிற்பவருக்கோ போலீஸுக்கோ அந்த நொடியில் வேறுபாடு தெரியாது என்பதை எண்ணிப் பாருங்கள். இதை ஆயுதமாகக் கருதாத இடங்களிலும், மனிதர்மீது சுட்டால் அது தாக்குதல், பிறர் சுவரில் சுட்டால் சொத்துச் சேதம். 'சாமான்' என்று நீங்கள் சொல்வதால் எதுவும் குறையாது.

பிள்ளையின் தவற்றைச் சின்னதாக்கிக் காட்டுவது பாசம் என்று நம்பும் பெற்றோரின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. என்னால் அதை ஏற்க முடியாது. அவன் செய்ததை அவனே சுமக்க வைப்பது உங்கள் கடமை. முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது நீங்களாகப் பெரியவரின் வீட்டுக்குப் போனால் மிரட்டலாகக் கொள்ளப்படலாம். மன்னிப்பையும் மருத்துவச் செலவையும் எப்படிச் சேர்ப்பிப்பது என்று வழக்கறிஞரிடமே கேளுங்கள். செலவை மகன் உழைத்துக் கட்டட்டும்.

இன்றிரவு அந்தக் கவசத்தை அவன் முன்னால் வைத்து, அன்று அதை எதற்காக மாட்டினாய் என்று கேளுங்கள். அவன் வாய் திறக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.