தெலாகா துஜோ அருவி வறண்டு கிடந்தது ஏன்?

மார்ச்சில் போனதுதான் காரணம், நீங்கள் இடம் மாறிப் போகவில்லை. அருவி இருக்கும் மலேசியாவின் லங்காவித் தீவில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. தேவதைகள் குளிக்க வருவதாகச் சொல்லும் அருவியின் ஏழு குளங்களுக்கும் மச்சிஞ்சாங் மலையில் பெய்யும் மழைதான் வரவு. அது நின்றால் பாறையில் கசிவுதான் மிச்சம்.

அம்மாவோடு மறுபடி போவதென்றால் செப்டம்பர், அக்டோபர் சரி. பினாங்கிலிருந்து கிளம்புமுன் விடுதிக்கு ஒரு போன் போட்டு, மலைப்பக்கம் மழை உண்டா என்று கேளுங்கள். வானிலை ஆப்பைவிட அது மேல்.

மேல் குளங்களுக்கு 600க்கும் மேல் படிகள். அம்மாவுக்குக் கீழ் அருவியே போதும், அப்புறம் மஹ்சூரி கல்லறை. பொய்ப்பழி சுமத்திக் கொல்லப்பட்டதாகக் கதையில் வரும் பெண் அவள். வெள்ளை ரத்தம், ஏழு தலைமுறைச் சாபம்... அந்தக் கதையை விடவே மாட்டார்!

கனமழை அன்று மட்டும் பாறையில் இறங்காதீர்கள். பாசி வழுக்கும், குளத்தை ஒட்டியே பள்ளம்.