லுவார் கரையோரம் சைக்கிளில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரான்சின் லுவார் ஆற்றுப் பாதையைப் பற்றியவை. விசா, விமானக் கட்டணம் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நெவேர் பக்கம் ஆரம்பித்துக் கடலை நோக்கிப் போனால் ஆறு ஓடும் திசை. இறக்கமாக இருக்கும்தானே?

இறக்கத்தை மறந்துவிடுங்கள். நெவேருக்கும் கடலுக்கும் நடுவே கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூடச் சரிவு இல்லை. உங்கள் கால் அதை உணரவே உணராது. கால் உணரப்போவது காற்றை. அட்லாண்டிக்கிலிருந்து மேற்கு, தென்மேற்குக் காற்றுதான் அதிகம். ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரைமேல் பாதை போகும் இடங்களில் ஒதுங்க ஒரு மரம் இருக்காது. எதிர்க்காற்று பிடித்தால் மணிக்கு 16 கி.மீ. போனவர் 11க்கு இறங்குவார். அதனால் மேற்கே நாந்த்திலோ ஆன்ஜேயிலோ ஆரம்பித்து, கிழக்கே வாருங்கள். கோடையில் சில நாள் வடகிழக்குக் காற்றும் வீசும். அது அவரவர் ராசி.

இரண்டு பேர். எட்டு நாள் விடுப்பு. முழுப் பாதை 900 கி.மீ. என்று படித்தோம், நாளைக்கு 110 என்று போட்டிருக்கிறோம். வழியில் 12 அரண்மனைகள். ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கி.மீ. மிதிப்பவர்கள் நாங்கள். திட்டம் சரியா?

சரியில்லை. மாதம் நாலு பேராவது இதே திட்டத்தை அனுப்புகிறார்கள். ஊரும் பெயரும்தான் மாறுகின்றன, அந்த 110 மாறுவதில்லை.

ஞாயிறு காலை வெறும் வண்டியில் 100 மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுப் படுப்பது வேறு. 15 கிலோ பையை மாட்டிக்கொண்டு எட்டு நாள் தொடர்ந்து மிதிப்பது வேறு. சுமையோடு உங்கள் சராசரி மணிக்கு 15 கி.மீ.தான். வரைபடச் செயலி 20 என்று கணக்குப் போடும், நம்பாதீர்கள். பாதையின் பல பகுதிகள் தார் இல்லை, இறுகிய மணல். கிராமத்துக்குக் கிராமம் திருப்பம், நடைபாலம், தடுப்புக் கம்பி. 110ஐ 15ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், வழி தவறுவது எதுவும் சேரவில்லை. மூன்றாம் நாள் காலில் வலி வராது, உட்காரும் இடத்தில் வரும். அதற்கு ஓய்வைத் தவிர மருந்து இல்லை.

இனி அரண்மனைகள். ஷாம்போரின் தோட்டத்துச் சுற்றுமதிலே 32 கி.மீ. நீளம். உள்ளே நுழைந்து இரட்டைச் சுருள் படிக்கட்டையும் மாடியையும் பார்த்து வர இரண்டரை மணி நேரம். வில்லாந்திரியின் காய்கறித் தோட்டத்துக்கு இரண்டு மணி. ஷெனோன்சோ லுவார் மேலேயே இல்லை, ஷேர் ஆற்றின்மேல் இருக்கிறது. அம்புவாஸிலிருந்து காட்டு வழியாகப் போக 15, வர 15. நீங்கள் பட்டியலிட்ட 12ஐயும் இந்த வேகத்தில் போனால் வெளிவாசலைத்தான் பார்ப்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு அரண்மனை. இரண்டு என்றால் ஒன்று மிகச் சின்னதாக இருக்கட்டும்.

900ஐ மறந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்ஜேயில் ஆரம்பித்து புளுவாவில் முடியுங்கள். ஆன்ஜே முதல் சோமூர் 60 சொச்சம், அதுதான் பெரிய நாள். சோமூர் முதல் ஷினோன் 35. ஷினோனிலிருந்து உஸ்ஸே வழியாக வில்லாந்திரி 45. வில்லாந்திரி முதல் அம்புவாஸ், தூர் நகரத்தைக் கடந்து, 50. அம்புவாஸில் இரண்டு இரவு தங்கி ஷெனோன்சோ போய் வாருங்கள். அடுத்து புளுவா 40. கடைசி நாள் பையை விடுதியில் வைத்துவிட்டு ஷாம்போர், போக வர 40. ஏழு நாள் ஆயிற்று. எட்டாவது நாளை மழைக்கு வையுங்கள். மழை வராவிட்டால் ஆற்றங்கரையில் சும்மா உட்காருங்கள், அதற்குத்தானே விடுப்பு.

எந்த சைக்கிள் நல்லது? என்ன விலை?

உயரம், எடை, எத்தனை நாள், கூடாரமா விடுதியா, வாங்கவா வாடகைக்கா, எதையும் எழுதவில்லை. அத்தனையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அதுவரை பொதுவாக ஒன்று: 35 முதல் 40 மி.மீ. அகல டயர், பின் கேரியர், மட்கார்டு, மணி உள்ள எந்த வண்டியும் இந்தப் பாதைக்குப் போதும். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள் வேண்டாம்.

சொந்த மின்சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா?

வண்டி போகும், பேட்டரி போகாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை. மின்சைக்கிள் பேட்டரி 400, 500 இருக்கும். அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

ஐந்து நாளில் நாலு பஞ்சர், எல்லாம் பின்சக்கரம். புது ட்யூப் மாற்றியும் அதே கதை. டயர் கம்பெனியை மாற்றலாமா?

கம்பெனியைத் திட்டுமுன் ட்யூபைப் படியுங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டு, பாம்புக் கடி மாதிரி இருந்தால் காற்று குறைவு: கல்விளிம்பில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது. துளை உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக்ஸ் ஓட்டை வெளியே தெரிகிறது. நீங்கள் எத்தனை ட்யூப் போட்டாலும் கிழியும். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள்ளோ கல்சில்லோ. உங்களுக்கு நாலு முறையும் அதே இடத்தில் ஆகியிருந்தால், அந்த முள் இன்னும் டயருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது.

ட்யூபைப் போடும்போது டயரில் அச்சிட்ட பெயருக்கு நேரே வால்வு வரும்படி எப்போதும் வையுங்கள். பஞ்சர் ஆனதும் ட்யூபில் காற்றடித்து, வால்விலிருந்து துளை எத்தனை சாண் என்று பார்த்து, டயரில் அதே தூரத்தில் தேடுங்கள். ட்யூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று தெரியாவிட்டால் வால்வின் இரு பக்கமும் தேட வேண்டும். உள்பக்கம் விரலை ஓட்டும்போது மெதுவாக. துணியை ஓட்டினால் இன்னும் நல்லது, முள்ளில் நூல் மாட்டும். வேலிச் செடி வெட்டும் பருவத்தில் கிராமச் சாலையோரம் முழுக்க முள்தான்.

காற்று: 38 மி.மீ. டயர், 75 கிலோ ஆள், 15 கிலோ பை என்றால் பின்னால் 60 பிஎஸ்ஐ, முன்னால் 50. வாரத்துக்கு ஒரு முறை அல்ல, மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். அங்கே பெரும்பாலும் பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு, நம் ஊர் பம்பு சேராது. கேரியர் போல்ட்டைத் தினமும் பாருங்கள், பின்னால் சொல்கிறேன்.

லுவாரில் குளிக்கலாமா? ஆழமே இல்லை போலிருக்கிறதே?

கூடாது. கோடையில் முழங்கால் ஆழம், வெள்ளை மணல் திட்டு, பார்த்தால் காவிரி மாதிரி ஆசையாகத்தான் இருக்கும். மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நின்ற இடத்திலேயே கால் புதையும், அடுத்த அடியில் ஆளை முழுங்கும் பள்ளம். பெரும்பாலான இடங்களில் குளிக்கத் தடையும் உண்டு. ஊர் நீச்சல்குளத்துக்குப் போங்கள்.

நாங்கள் சைவம். வழியில் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் உங்கள் நேரத்துக்குக் கிடைக்காது. மதிய உணவு 12 முதல் 2 வரை; 2:15க்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். சின்ன ஊர்க் கடைகள் மதியம் மூடும், ஞாயிறு பிற்பகல் அநேகமாக எல்லாம் மூடும், திங்களன்று பல பேக்கரிகளும் மூடும். அதனால் சனிக்கிழமையே ஒரு நாள் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி பையில் இருக்கட்டும்.

சோமூர் பக்கம் பாறைக் குடைவு உணவகங்களில் ஃபூவே என்று ஒரு ரொட்டி: அடுப்பில் வைத்ததும் பூரி மாதிரி உப்பும், நடுவைக் கீறி வெள்ளை மொச்சை அல்லது ஆட்டுப்பால் கட்டி அடைத்துத் தருவார்கள். அதிலேயே ரியெத் அடைத்ததும் வரும், அது பன்றி இறைச்சி. கேட்டு வாங்குங்கள். பச்சைக் காய் சாலட் என்று வருவதில் பன்றித் துண்டு தூவியிருப்பதும் சாதாரணம். கண்டிப்பான சைவர் என்றால் இன்னொன்று: அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் கட்டிகளில் பெரும்பாலும் கன்றின் இரைப்பை நொதிதான் சேர்க்கிறார்கள்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டங்களைத் தேடுங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் குழாய் உண்டு. 'நோன் போத்தாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள்.

ரயிலில் சைக்கிளை ஏற்ற முடியுமா?

முடியும். வட்டார ரயில்களில் பெரும்பாலும் இலவசம், ஆனால் கோடையில் சில வண்டிகளில் முன்பதிவு கட்டாயம். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் எல்லா வண்டியிலும் சைக்கிள் இடம் கிடையாது. இருப்பதில் சுமார் 10 யூரோ கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். பிரித்துப் பையில் போட்டால் சாமானோடு சேரும். வண்டி வருமுன் பைகளைக் கழற்றித் தயாராக நில்லுங்கள். நிற்பது இரண்டு மூன்று நிமிடம்தான், பல பெட்டிகளில் முன்சக்கரத்தைக் கொக்கியில் தூக்கி மாட்டவேண்டும். 25 கிலோ மின்சைக்கிளைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தூர் போகிறவர்கள் கவனிக்க: பல டிஜிவிகள் ஊருக்குள் வராமல் சான்-பியேர்-தே-கோர் நிலையத்தில் நின்றுவிட்டுப் போகும்.

பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி திரும்பத் திரும்ப அறுந்தது. வாடகை வண்டி.

கியர் பக்கம்தானே அறுந்தது? அந்தப் பக்கக் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும், சுமையும் பின்னால். இரண்டு பையையும் பின்னால் தொங்கவிட்டு, மேலே கூடாரத்தையும் கட்டினால் அறாமல் என்ன செய்யும்? மூன்று கிலோவை ஹேண்டில்பார் பைக்கு மாற்றுங்கள். நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தபடி ஏறாதீர்கள், இறங்கித் தூக்குங்கள். வழியில் அறுந்தால்: அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, அதன் இரு பக்கமும் உள்ள எதிர்ப்புறக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பிரேக்கைத் திறந்துவிட்டு அடுத்த ஊர்க் கடைவரை மெதுவாக ஓட்டலாம். புதுக் கம்பியை நீங்களே போட கியர் பற்சக்கரத்தைக் கழற்றும் சாவி வேண்டும், அதை யாரும் கொண்டுவருவதில்லை.

கேரியர் போல்ட்: 4 மி.மீ. ஆலன் சாவி, தினம் காலையில், நாலு போல்ட்டையும். கீழ் போல்ட் ஒன்று கழன்று விழுந்தால் கேரியர் சாய்ந்து பை கம்பிக்குள் போகும். இதைப் பத்து முறை எழுதிவிட்டேன், பதினோராவது முறையும் எழுதுவேன்.

ஹெல்மெட் கட்டாயமா?

12 வயதுக்குக் கீழே கட்டாயம், 2017லிருந்து. மீறினால் கூட வரும் பெரியவருக்கு 135 யூரோ அபராதம். காதில் இயர்போனும் கூடாது. வூவ்ரேயில் ஒயின் சுவைத்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு: கார் ஓட்டுநருக்கு உள்ள அதே வரம்புதான், லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், சைக்கிளுக்கும்.

மேல்பகுதியில் பார்க்க என்ன இருக்கிறது?

பிரியாரின் கால்வாய்ப் பாலம். ஆற்றுக்கு மேலே இன்னொரு நீர், 662 மீட்டர், 1896ல் திறந்தது. அதன்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போங்கள். சான்சேர் குன்றை ஏறுவது கட்டாயமில்லை, முட்டி சொல்வதைக் கேளுங்கள்.

கடலைத் தொட்டே தீர வேண்டும். எங்கே முடிகிறது, எப்படித் திரும்புவது?

தென்கரையில் சான்-பிரெவானில் முடிகிறது. அங்கே ரயில் நிலையம் இல்லை. ரயில் எதிர்க்கரையில் சான்-நசேரில். நடுவே 3,356 மீட்டர் பாலம், உச்சியில் ஆற்றுக்கு மேல் 60 மீட்டருக்கு மேல் உயரம், குறுக்கே கடற்காற்று, பக்கத்தில் லாரிகள். சைக்கிளில் ஏறாதீர்கள். சைக்கிள் ஏற்றும் பேருந்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். பேருந்து சரிவராவிட்டால் நாந்த் பக்கம் திரும்பி, லெ பெலெரான் துறையில் படகு ஏறிக் கூவெரோன் கரைக்குப் போகலாம், படகுக்குக் காசில்லை.