ஆசிய நாடுகளின் தொண்டு நிறுவனங்கள் எல்லை கடந்து கைகோப்பதால் கிராமத்து விவசாயிக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லை தாண்டி வருவது எது என்பதைப் பொறுத்தது. மாநாட்டுத் தீர்மானம் வந்தால் ஒன்றும் நடக்காது. விவசாயி தன் வயலின் ஒரு மூலையில் தானே செய்து பார்க்கிற மாதிரி ஒன்று வந்தால் நிறைய நடக்கும். கம்போடியாவில் அப்படித்தான் நடந்தது.

ஒற்றை நாற்று நடவு, திருந்திய நெல் சாகுபடி என்று நம் பக்கம் சொல்கிறோமே, அதன் தொடக்கம் மடகாஸ்கரில். 1980களில் ஆன்றி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கிருந்த விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய முறை அது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, தாராளமான இடைவெளி, தண்ணீரைக் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலும் (அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது), உருட்டுகிற களைக்கருவி. புது ரகம் வாங்க வேண்டியதில்லை, விதைநெல்லும் மிகக் குறைவாகவே ஆகும். ஏழை விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்?

1997இல் யாங் சைங் கோமா என்ற வேளாண் அறிஞர் கம்போடியாவில் செடாக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த முறையைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, முதலில் தானே நட்டுப் பார்த்தார். 2000இல் செய்து பார்க்கச் சம்மதித்தவர்கள் 28 விவசாயிகள். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த நாற்றைக் கொத்தாக நட்டுப் பழகியவர்களுக்கு, பத்துப் பன்னிரண்டு நாள் நாற்றை ஒற்றையாக நடச் சொன்னால் பயம் வரத்தானே செய்யும்? மழையை நம்பிய வயலில் தண்ணீரை நினைத்தபடி வடிக்கவும் முடியாது. அதனால் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று செடாக்காரர்கள் விட்டுவிட்டார்கள். நட்டுப் பார்த்த விவசாயியே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். சில ஆண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பரவி, 2006-2010க்கான தேசிய வளர்ச்சித் திட்டத்திலேயே இந்த முறை இடம்பெற்றது. கோமாவுக்கு 2012இல் ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படுகிற மகசேசே விருது கிடைத்தது. பக்கத்து வியட்நாமில் ஆக்ஸ்பாம் போன்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்புகளும் அரசும் சேர்ந்து செய்ததில், 2011 வாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இதையோ இதன் சில பகுதிகளையோ கடைப்பிடித்ததாக அந்நாட்டு வேளாண் அமைச்சகம் சொன்னது.

இதோடு சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பின் அரசுகள் அவசரத்துக்கென்று ஏற்படுத்திய பொது உணவுக் கையிருப்பை வைத்துப் பாருங்கள். 1988இல் நடைமுறைக்கு வந்தது, 2 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் என்று கணக்கு. அதிலிருந்து ஒருமுறைகூட தானியம் எடுக்கப்படவில்லை. 2007இல் அதற்குப் பதிலாக உணவு வங்கி என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். பசியோடு இருந்தவர்களுக்கு அந்த இருபது ஆண்டும் வெறும் காகிதம்தான், எனக்கு இது பெரிய வருத்தம்.

தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு என்றால் பேச்சு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1974இல் தாய்லாந்தில் நடந்த ஒரு பயிலரங்கிலிருந்து ஆசியாத்ரா என்ற, கிராம வளர்ச்சிக்கான தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு பிறந்தது. அவர்கள் வெவ்வேறு நாட்டு விவசாயத் தலைவர்களை ஒருவர் ஊருக்கு ஒருவர் அழைத்துப் போனார்கள். அந்தச் சந்திப்புகளிலிருந்து 2002இல் ஆசிய விவசாயிகள் சங்கம் என்று தனி அமைப்பே உருவாகிவிட்டது. தொண்டு நிறுவன ஊழியர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது விவசாயிகளே பேசுகிறார்கள்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஒற்றை நாற்று முறையின் மகசூல் கணக்கை ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகள் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேலைப்பளு. தண்ணீர் நிற்காத வயலில் களை அதிகம், அதை எடுப்பது பெரும்பாலும் பெண்கள். கம்போடியக் கிராமங்களிலிருந்து இளையவர்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் தாய்லாந்துக்கும் போய்விட்டார்கள். நட ஆள் இல்லாமல் பலர், நாற்று விடாமல் வயலிலேயே விதைக்கிற நேரடி விதைப்புக்கு மாறிவிட்டார்கள். அவர்களிடம் போய் இன்னும் ஒற்றை நாற்றைப் பற்றியே பேசுவது நியாயமில்லை. பெண்கள் இடுப்பு ஒடியாமல் தள்ளக்கூடிய களைக்கருவி, சிறு விவசாயி வாடகைக்கு எடுக்கக்கூடிய விதைப்புக் கருவி, இவைதான் அடுத்து நாடு விட்டு நாடு போக வேண்டும்.