ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பயிற்சிப் பொறுப்பு என்னுடையது. மேலாளர்களுக்காக பிசினஸ் சிமுலேஷன், அதாவது வியாபாரத்தை ஆட்டமாக நடத்திப் பழகும் பயிற்சி, வாங்க மூன்று விற்பனையாளர்களிடம் பேசியிருக்கிறோம். ஒன்றில் கிராபிக்ஸ் அருமை, ஒன்று விலை குறைவு, இன்னொன்றில் ரிப்போர்ட்டுகள் அதிகம். எதை எடுக்கலாம்? (வேலை கெடாமலிருக்க ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறோம். எல்லோரும் வீட்டுக்குப் பறப்பதால் கடைசிக் கலந்துரையாடல் கால் மணி நேரம்தான்.)

பதில்: மூன்றில் எது என்பதை அப்புறம் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போனீர்களே, அந்தக் கால் மணி நேரத்தை முதலில் பேசியாக வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960 வாக்கில் உருவான ‘பீர் கேம்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஒருவரோடொருவர் பேசக்கூடாது, ஆர்டர் மட்டும் போடலாம். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்பார். 5ஆவது வாரம் அது 8 ஆகும், பிறகு கடைசிவரை அதே 8. நடக்கும் மாற்றம் இவ்வளவுதான். ஆனால் சரக்கு வந்துசேரத் தாமதமாகும். ஆளாளுக்குப் பதறி அதிகமாக ஆர்டர் போடுவார்கள். ஆலையை எட்டும்போது அது பல மடங்காகியிருக்கும், கொஞ்ச வாரத்தில் எங்கும் சரக்கு தேங்கிவிடும். வாடிக்கையாளர்தான் மாற்றி மாற்றிக் கேட்டார் என்று ஆடியவர்கள் சாதிப்பார்கள். அந்த 8ஐக் காட்டி, அவரவர் போட்ட ஆர்டரைப் பலகையில் வரைந்து, ஏன் போட்டீர்கள் என்று கேட்கும்போதுதான் படிப்பே தொடங்குகிறது. நீங்கள் வெட்டியது அந்த இடத்தை! அது இல்லாமல் அனுப்பினால், சக ஊழியர் மேல் கோபத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.

வீட்டுக்குப் பறக்கிறார்கள் என்று குறையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளோடும் வயதான பெற்றோரோடும் இருக்க அவர்களுக்கு வாய்ப்பது அந்த ஒரு நாள். அன்று வீட்டில் இருப்பது அவர்கள் கடமை. நிறுவனத்துக்குத் தேவையான பயிற்சிக்கு நிறுவனம்தான் தன் நாளைத் தர வேண்டும். குடும்பத்தின் நாளைப் பிடுங்கிக்கொண்டு அவசரப்படுகிறார்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. முதலாளியிடம் போய் ஒரு முழு வேலை நாள் கேளுங்கள். அதில் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் பேச்சுக்கும் ஒதுக்குங்கள். தர மறுத்தால் சிமுலேஷனே வாங்காதீர்கள்.

நாள் கிடைத்துவிட்டதா? சரி, கிராபிக்ஸை மறந்துவிடுங்கள். உங்கள் மேலாளர்கள் தடுமாறுவது விலை வைப்பதிலா, சரக்கு இருப்பிலா, பணப்புழக்கத்திலா? அந்த முடிவையே திரும்பத் திரும்ப எடுக்க வைக்கும் ஆட்டமாகப் பாருங்கள். வாங்குமுன் நீங்களே ஒரு முறை ஆடுங்கள். நஷ்டம் வந்தால் எதனால் வந்தது என்று விற்பவர் விளக்க வேண்டும். பேச்சை நடத்தப்போவது யார் என்றும் கேளுங்கள். ஆளே வேண்டாம், மென்பொருளே ரிப்போர்ட் கொடுத்துவிடும் என்றால் அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.