640 மணி நேரத்தை வீணாக்கிவிட்டேனா?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டரில் ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாடுவேன். தோட்டம் போடுவது, மீன் பிடிப்பது என்று போகும். மனசு நிறைவாக இருக்கும். போன வாரம் பார்த்தால், மூன்று வருஷத்தில் 640 மணி நேரம் விளையாடியிருப்பதாக, கேம் வாங்கி விளையாடும் ‘ஸ்டீம்’ தளம் காட்டியது. பகீரென்றது. ‘அந்த நேரத்தில் சி.ஏ. இன்டர் எழுதியிருக்கலாம்’ என்கிறார் அண்ணன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. எட்டு வயது மகள் பக்கத்தில் நின்று, ‘அப்பா, பூசணி காய்ச்சிருச்சா?’ என்று கேட்பாள். செல்போனிலும் ஒரு கேம் உண்டு. தினமும் லாகின் செய்யாவிட்டால் பரிசு போய்விடும் என்பதால் 12 மணிக்குள் திறந்துவிடுவேன். நான் அடிமையாகிவிட்டேனா? எனக்குக் கிடைக்கும் நிறைவு பொய்யா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: அந்த 640-ஐ மூன்று வருஷத்துக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 35 நிமிடம்தான் வருகிறது. கேமைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் பாத்திரம் கழுவப் போனாலும் ஸ்டீம் அதையும் சேர்த்தே எண்ணும். நாளெல்லாம் எண்களைப் பார்த்துக் களைத்த கண்ணோடு, ராத்திரி பத்து மணிக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் சி.ஏ. படிப்பது எளிதில்லை. அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த நேரம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது.

அடிமையா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை ஒரு நோயாகவே தன் பட்டியலில் சேர்த்தது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, வேலை, குடும்பம், தூக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, அதுவும் பொதுவாக ஒரு வருஷம் நீடிப்பது என்பவை அதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை.

நிறைவு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலையில் எதையாவது ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறதா? 11-ஆம் தேதி ஜிஎஸ்டி ஆர்-1 படிவம், 20-ஆம் தேதி 3பி படிவம், அடுத்த மாதம் மறுபடியும் அதேதான். ஸ்டார்டியூவில் பூசணி விதை போட்டால் 13 நாளில் காய்க்கும். அங்கே ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் கிட்டத்தட்ட 14 நிமிடம். ஆக மூன்று மணி நேரம் தண்ணீர் ஊற்றினால் ஒரு பூசணி. போட்டது முளைக்கிறது, வளர்கிறது, கையில் வருகிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கும் மேல் உட்கார்ந்து, படம் வரைந்து, இசை போட்டு, புரோகிராமும் எழுதி 2016-இல் வெளியிட்ட கேம் அது. அவ்வளவு பொறுமையாக ஒருவர் செய்த பொருளிடம் உங்கள் மனசு இளைப்பாறுகிறது என்றால், அதில் பொய் எங்கே இருக்கிறது?

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அந்த கேமில் உங்கள் பாத்திரம் தூங்கப் போனால்தான் விளையாடியது சேவ் ஆகும். சேவ் ஆன கையோடு அடுத்த விடியல் வந்துவிடும். ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று மணி ஒன்றாவது அப்படித்தான். ‘இன்றைக்கு இரண்டு நாள்’ என்று உட்காரும்போதே முடிவு செய்துகொண்டு, அந்த விடியலில் எழுந்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன செல்போன் கேம்தான். அதற்கு நீங்கள் மணிக்கணக்கு வைக்கவே இல்லை. நிறைவு என்ற வார்த்தையையும் அதற்குப் போடவில்லை. பரிசு போய்விடும் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

நானும் ஒரு வார்த்தை விளையாட்டை 200 நாளுக்கு மேல் விடாமல் ஆடியிருக்கிறேன். ஒருநாள் ராத்திரி மதுரையில் அத்தை வீட்டுத் திண்ணை. பதினெட்டு வயதில் தனியாக ரயிலேறி மெட்ராஸ் போன கதையை அத்தை முதல்முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மணி 11:50. நான் மடியில் வைத்தபடியே போனைத் திறந்தேன். வெளிச்சம் என் முகத்தில் அடித்திருக்க வேண்டும். அத்தை அப்படியே நிறுத்தி, ‘தூக்கம் வருதா? போய்ப் படு’ என்று பாயை உதறிப் போட்டார். அப்புறம் எத்தனை முறை கேட்டும், ‘அதெல்லாம் எதுக்கு இப்போ’ என்று சிரித்துவிடுவார். ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்த கேமை அழித்தேன். இரண்டு நாள் கை பரபரத்தது, அவ்வளவுதான்.

நீங்களும் அந்த செல்போன் கேமை இன்றைக்கே அழித்துவிடுங்கள். ஸ்டார்டியூவை விட வேண்டாம்.

அப்புறம், மகள் நின்றுகொண்டே கேட்பதாக எழுதியிருக்கிறீர்களே. 2020 டிசம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். ஒரு கன்ட்ரோலர் வாங்கி, பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை ராத்திரியாக இருக்கட்டும். பூசணிக்கு அவளே தண்ணீர் ஊற்றட்டும்.